கதவு உண்டு, வழி இல்லை

கட்டட ஓவர்சியராக இருந்த அந்த மனிதருடைய நாக்கு ஊதா நிறத்தில் இருக்கும். காப்பிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியதால் வந்த நிறம். பேனா கொடுத்தால் வாங்கமாட்டார். மை கொட்டும், மழையில் கலையும். இந்தப் பென்சில் எழுத்து ஈரம் பட்டால் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பார். அவர் எழுதியது எதுவும் அழியவில்லை என்பது உண்மைதான். அதனால் அவருக்கு என்ன நன்மை வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரியில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் இருந்தோம். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஆட்கள் கூடுகிற கட்டடங்களுக்கும், கூலியாட்கள் வேலை செய்கிற கட்டடங்களுக்கும் வருஷா வருஷம் உரிமம் புதுப்பித்துக் கொடுக்கிற அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சினிமாக் கொட்டகை, எண்ணெய் மில், பட்டு நூற்கிற கொட்டகை, புளிக் கிடங்கு எல்லாம் எங்கள் கையில். நான் உரிமப் பிரிவுக் குமாஸ்தா. விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் அதிகாரிகளே கையெழுத்துப் போடுவார்கள்.

நடைமுறை இதுதான். முதலில் ஓர் ஆய்வு. கண்ட குறைகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு நோட்டீஸ். ஆறு வாரம் அவகாசம். பிறகு மறு ஆய்வு. மறு ஆய்வில் ஒவ்வொரு குறைக்கும் எதிரே அது நிவர்த்தி ஆயிற்றா இல்லையா என்று எழுதவேண்டும். முதல் ஆய்வுக்குப் போக எல்லோருக்கும் பிடிக்கும். நிழலில் நாற்காலி போடுவார்கள், முதலாளி எழுந்து நிற்பார். மறு ஆய்வு அப்படி இல்லை. பெரும்பாலான ஓவர்சியர்கள் போகவே மாட்டார்கள். ‘எல்லாம் சரிசெய்துவிட்டோம்’ என்று முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கி எனக்கு அனுப்பிவிடுவார்கள். அதன்மேல் குத்துவதற்கென்றே ‘நிவர்த்தி’ என்று ஒரு ரப்பர் முத்திரை என் மேஜையில் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு மைப்பஞ்சு தேயும்.

இந்த மனிதருக்கு மட்டும் மறு ஆய்வுதான் ஆய்வு. ஆறு வாரம் கழித்து அவருடைய சைக்கிள் மறுபடி வரும்போதுதான் முதலாளிகள் பதறுவார்கள். சூளகிரிப் பக்கத்துத் தெலுங்கு வியாபாரிகள் அவருக்கு ‘மள்ளி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். மறுபடியும் என்று அர்த்தம். வந்துவிட்டார் என்ற பொருளில் ‘மள்ளி ஒச்சினாடு’ என்று ஒரு கடையில் சொன்னால், அடுத்த கடைக்காரர் எழுந்து நடைவழியில் கிடப்பதையெல்லாம் உள்ளே இழுத்துப் போடுவார்.

சரிசெய்ததைக் கண்ணால் பார்த்தால் அவருக்குப் போதாது. பயன்படுத்திப் பார்க்கவேண்டும். ஏணி என்றால் ஏறுவார். தீயணைக்க வைத்த மணல் வாளி என்றால் கவிழ்ப்பார். மேலே இரண்டு விரல் மணலும் கீழே வைக்கோலுமாக இருந்த வாளிகள் எத்தனை என்று தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தார். பர்கூர்ப் பக்கம் ஓர் எண்ணெய் மில்லில் மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை என்று எழுதியிருந்தார். மறு ஆய்வில் கைப்பிடி இருந்தது. சாயம்கூட அடித்திருந்தார்கள். இவர் பாதிப் படியில் நின்று தம் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்தார். கைப்பிடியும் இவரும் சேர்ந்து கீழே பிண்ணாக்கு மூட்டைமேல் போய் விழுந்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போடுவதற்கு முன்னால் இடது கையால் எழுதிய குறிப்பு என் மேஜைக்கு வந்தது: ‘கைப்பிடி பொருத்தப்பட்டுள்ளது. ஆளைத் தாங்கவில்லை.’

எந்த ஆள் என்று எழுதவில்லை. அடுத்த வாரம் விபத்து விடுப்புக்கு மனுக் கொடுத்தார். பணியின்போது ஏற்பட்ட காயம் என்பதற்கு ஆதாரம் வேண்டும். குறிப்பில் விழுந்தவர் யார் என்று இல்லாததால், ஆதாரம் போதாது என்று மனு திரும்பியது. அந்த மனுவைச் சரிபார்த்து எழுதியவன் நான்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை விழுந்தால் பெயரையும் எழுதவேண்டும் என்று தெரிந்துகொண்டதாகச் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. கேலி செய்யும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எங்களுக்கு இருந்தது.

சினிமாக் கொட்டகை வாளிக் கதையை அலுவலகத்தில் பல வருஷம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். டூரிங் கொட்டகைக்காரர்கள் சிவப்பு வாளிகளை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்வார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஓவர்சியர் எந்த ஊருக்கு வருகிறாரோ அந்த ஊருக்கு வாளிகள் முதல் பஸ்ஸில் வந்துவிடும். இவர் ஓரிடத்தில் வாளியைக் கவிழ்த்தபோது அடிப்பாகத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறார். நான்கு நாள் கழித்து வேப்பனப்பள்ளியில் அதே கீறல். குறிப்பில் எழுதினார்: ‘வாளிகள் நான்கு உள்ளன. சென்ற செவ்வாய்க்கிழமை இவை காவேரிப்பட்டணத்தில் இருந்தன.’ அதிகாரி அதை உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தோம். வாசல் டபேதார்கூடச் சிரித்தார். அப்புறம் நான் அதை ஃபைலில் வைத்தேன். இரண்டு கொட்டகைக்கும் உரிமம் புதுப்பித்தாயிற்று. ஏனென்றால் விதி கேட்பது வாளி இருக்கிறதா என்றுதான். நேற்று எங்கே இருந்தது என்று விதி கேட்பதில்லை.

அவரை ஒரு மகானாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. மாம்பழம் வாங்கிக்கொள்வார். நாகரசம்பட்டித் தோப்புக்காரர் ஒருவர் எண்ணெய் மில்லும் வைத்திருந்தார். சீசனில் ஒரு கூடை அனுப்புவார். இவர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, அலுவலகத்தில் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோவார். அடுத்த நாள் அதே மில்லுக்குப் போய், போன தடவை எழுதியதை ஓர் எழுத்து மாறாமல் மறுபடி எழுதுவார். ‘வாங்கலன்னா வாங்கலன்னு சொல்லணும், வாங்கினா அதுக்கு ஒரு மரியாத இருக்கணுமில்ல’ என்று அந்தத் தோப்புக்காரர் என்னிடம் வந்து குமுறினார். அவர் குறையில் நியாயம் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியது. ஓவர்சியரிடம் கேட்டேன். பழம் நன்றாக இருந்தது, மில்லின் பெல்ட்டுக்கு இன்னும் மறைப்பு இல்லை, இரண்டுமே உண்மைதானே என்றார்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவியும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களும். ஒருமுறை ஏதோ கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். அந்த அம்மாள் காப்பி கொடுத்துவிட்டு, என்னை நடுவராக வைத்துக்கொண்டு புகார் சொன்னார். சர்க்கரை போட்டிருக்கிறேன் என்றால் சரி என்று சொல்லமாட்டாராம். ஒரு வாய் குடித்துவிட்டு, ‘ஆமா, போட்டிருக்க’ என்பாராம். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக அந்த ‘ஆமா’வைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்றார். ஓவர்சியர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை.

சூளகிரிப் புளிக் கிடங்குக்கு வருகிறேன்.

கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கட்டடம். உள்ளே தேக்கு உத்தரம் போட்ட மச்சு. கீழே இருபது, இருபத்தைந்து பெண்கள் உட்கார்ந்து புளி தட்டுவார்கள். ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை நீக்கி, உப்புப் போட்டு ஓலைப் பாயில் சிப்பமாகக் கட்டினால் லாரி வந்து பெங்களூருக்கு ஏற்றிக்கொண்டு போகும். கட்டடத்துக்கு ஒரே கதவு. வேலை நேரத்தில் அதை வெளியே தாழ் போட்டிருப்பார்கள். சாயங்காலம் திறந்து, ஒவ்வொருத்தியாக மடியை உதறிக் காட்டிவிட்டுப் போகவேண்டும். முதல் ஆய்வில் ஓவர்சியர் இரண்டு குறை எழுதினார். ஒன்று, வெளியேற இரண்டாவது கதவு இல்லை. இரண்டு, மச்சில் பாரம் அதிகம்.

கிடங்கு முதலாளி நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் நன்றாகவே தமிழில் வாதாடினார்.

“ரெண்டாவது கதவு வெச்சா எந்தப் பக்கமா எவ்ளோ புளி போகுதுன்னு யாரு சார் பாக்கறது? ஒரு கதவுக்கே எனக்கு ரெண்டு ஆளு வேண்டியிருக்குது.”

“அவசரம்னா ஓடி வர வழி வேணுமில்லிங்க” என்றார் ஓவர்சியர்.

“புளிக் குடோன்ல என்னா சார் அவசரம்? புளி தீப் புடிக்குமா?”

சுற்றியிருந்த நாங்கள் சிரித்தோம். ஓவர்சியர் மட்டும், தீ என்று தாம் எழுதவில்லையே என்று நோட்டீஸை வாங்கி இன்னொரு முறை படித்துப் பார்த்தார்.

ஆறு வாரம் கழித்து அவர் மறு ஆய்வுக்குப் போனபோது என்னையும் கூட அனுப்பினார்கள். ஒரு மறு ஆய்வுக்கு இவர் ஏன் அரை நாள் எடுத்துக்கொள்கிறார் என்று பார்த்துவந்து சொல்வதற்காக. அந்தக் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன்.

முதலில் மச்சில் ஏறினார். ஒவ்வொரு சிப்பமாகத் தொட்டு எண்ணினார். பாதிக்குமேல் இறக்கியிருந்தார்கள். இரண்டாம் எண்ணுக்கு எதிரே ‘நிவர்த்தி. நான் ஏறி எண்ணினேன்’ என்று எழுதினார். இறங்கிவந்து பின்சுவர்ப் பக்கம் போனார். அங்கே புதுக் கதவு இருந்தது. வேப்பம்பலகை, நல்ல கீல், உள்பக்கமாகத் தாழ்ப்பாள். எனக்குப் பார்த்தவுடன் திருப்தியாகிவிட்டது. மணி பதினொன்று. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

இவர் பெண்களைப் பார்த்து, எல்லோரும் எழுந்து இந்தக் கதவு வழியாக வெளியே போங்கள் என்றார். அவர்கள் விழித்தார்கள். தெலுங்கில் சொன்னார், கன்னடத்தில் சொன்னார். அந்தச் சீமையில் ஒரு கிடங்கில் மூன்று மொழி இருக்கும். மூன்றிலும் அவர் பேசுவார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார்கள். முன்னால் வந்தவள் பெயர் மாதம்மா. நாற்பது வயதிருக்கும். அங்கே யார் என்ன கேட்டாலும் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறவள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

மாதம்மா தாழை நீக்கிக் கதவைத் தள்ளினாள். ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. மச்சிலிருந்து இறக்கிய சிப்பங்களையெல்லாம் கதவுக்கு வெளியே ஒரு சார்ப்பு இறக்கி, கூரை முட்ட அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் சந்தில் கையை விட்டுப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் போகவில்லை.

“கை போவுது சாமி. மத்ததெல்லாம் உள்ளயே வெச்சிட்டுப் போவட்டுமா?”

பெண்கள் சிரித்தார்கள். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. “கதவு வெக்கச் சொன்னிங்க, வெச்சோம். மச்சுலருந்து எறக்கச் சொன்னிங்க, எறக்கினோம். எறக்கினத என் தலமேலயா சார் வெச்சுக்கறது?” என்றார். நியாயமாகப் பார்த்தால் அவர் நோட்டீஸில் இருந்த இரண்டையும் செய்துவிட்டார்.

ஓவர்சியர் நின்றபடியே எழுதினார். எழுதி முடித்ததும் அங்கேயே உரக்கப் படிப்பது அவர் வழக்கம். எழுதப்பட்டவர்களுக்குத் தெரியாமல் ஒன்றை எழுதிக்கொண்டு போவது புறம் பேசுவதுபோல என்பார். மூன்று மொழியிலும் படித்தார். தமிழில் அது இப்படி இருந்தது: ‘இரண்டாவது கதவு உண்டு. வழி இல்லை. வெளியே சிப்பங்கள். ஒரு பெண்ணின் கை மட்டும் சென்றது.’

மாதம்மா கொஞ்சம் கிட்ட வந்தாள். சிரிப்பை விட்டுவிட்டாள்.

“குடோன மூடச் சொல்லி எழுதிப்புடாதிங்க சாமி. தை மாசம் பொறந்ததுலருந்து இந்த வேலதான்.”

“மூடச் சொல்லலம்மா. மூட்டைய நவுத்தச் சொல்லித்தான் எழுதியிருக்கறேன்.”

“எழுதினா நவுந்துருமா?”

“எழுதினா படிப்பாங்க. படிச்சா நவுத்தச் சொல்லுவாங்க.”

அந்தப் பதிலை அவர் நம்பினார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் அதற்குக் கிளை. மாதம்மா என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். படிக்கிறவன் இவன்தானோ என்று நினைத்திருக்கலாம். நினைத்திருந்தால் சரியாகத்தான் நினைத்தாள்.

மார்ச் மாதம் சேலத்துக்குச் சுருக்கப் பட்டியல் போகவேண்டும். அப்போது எங்களுக்குச் சேலம்தான் ஜில்லா. பட்டியலில் நான்கு கலம்: கட்டடம், குறையின் எண், குறை, நிவர்த்தி ஆயிற்றா. நான்காவது கலத்தில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’, இரண்டில் ஒன்றுதான் எழுதலாம். வேறு எதையாவது எழுதினால் பட்டியல் திரும்பி வரும். எல்லாம் அப்போது இங்கிலீஷில்தான். நான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

சூளகிரிக் கிடங்கின் குறை எண் ஒன்று: ‘இரண்டாவது கதவு இல்லை.’ ஓவர்சியரின் மறு ஆய்வுக் குறிப்பு: ‘இரண்டாவது கதவு உண்டு.’ அப்படியானால் நிவர்த்தி ஆயிற்று. வெளியே இருக்கும் சிப்பங்கள் வேறு குறை. அது முதல் நோட்டீஸில் இல்லை. புதுக் குறைக்குப் புது எண், புது நோட்டீஸ். அதை மறு ஆய்வில் எழுப்ப முடியாது; அடுத்த வருஷத்து முதல் ஆய்வில்தான் எழுப்பவேண்டும். இந்த விதியை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பட்டியலிலும், அதற்கு மூலமான எங்கள் பதிவேட்டிலும் ‘ஆம்’ என்று எழுதினேன். ஓவர்சியர் எழுதியது வீணாகிவிடக்கூடாதே என்று, ‘அடுத்த ஆய்வில் கவனிக்கவும்’ என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி அவருடைய குறிப்பின்மேல் குத்தி வைத்தேன். அன்று நல்ல மனிதனாக நடந்துகொண்டதாகவே எனக்கு நினைவு.

உரிமம் புதுப்பித்தாயிற்று. ஓவர்சியர் இரண்டு முறை என் மேஜைக்கு வந்து, சூளகிரிச் சிப்பங்களுக்கு நோட்டீஸ் போயிற்றா என்று கேட்டார். உரிய காலத்தில் போகும் என்றேன். அது பொய்யில்லை.

சித்திரையில் புதுப் புளி வந்து மச்சு மறுபடி நிரம்பியது. மறு ஆய்வுக்கு ஒரு மறு ஆய்வு கிடையாது. ஒருநாள் பிற்பகலில் காற்றும் கோடை மழையுமாக அடித்தது. முன்சுவரில் செருகியிருந்த உத்தரத்தின் நுனி உளுத்துப்போயிருந்திருக்கிறது. மச்சு முன்பக்கமாகச் சரிந்து முன்கதவை அடைத்துக்கொண்டது. அடியில் யாரும் சிக்கவில்லை. பெண்கள் எல்லோரும் பின்கதவுக்கு ஓடினார்கள். கால் மணி நேரம் அங்கே நின்று தள்ளினார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தவர்கள் மழையில் நனைந்து கனத்துப்போன சிப்பங்களை ஒவ்வொன்றாக இழுத்தார்கள். பாதி இழுப்பதற்குள் மச்சு பிடித்திருந்த முன்சுவரும் அதன்மேல் இருந்த கூரையும் உள்ளே இறங்கின. மூன்று பேர் செத்துப்போனார்கள். மாதம்மாவுடைய கை கதவுச் சந்துக்கு வெளியே இருந்தது என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

சேலத்திலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்து பயணியர் பங்களாவில் நான்கு நாள் உட்கார்ந்தார். முதல் நாளே சுருக்கப் பட்டியலைப் பார்த்தார். அதில் பிழையில்லை. இரண்டாம் நாள் ஓவர்சியரின் குறிப்பைப் பார்த்தார். நான்கு நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே தடயம் அதுதான். கதவு திறக்காது என்பது அலுவலகத்தில் ஓர் ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஆள் கைப்பட எழுதியும் வைத்திருக்கிறார். மற்ற ஓவர்சியர்களின் ஃபைல்களில் முத்திரையைத் தவிர ஒன்றுமில்லை. ஆகவே அவர்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாதவர்களை எப்படிக் கேட்பது? தெரிந்தும் சும்மா இருந்தார் என்பது முதல் குற்றச்சாட்டு. மாம்பழக் கூடை இரண்டாவது. நாகரசம்பட்டித் தோப்புக்காரர் சாட்சி சொல்ல மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்.

விசாரணைக்கு வேண்டிய காகிதங்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. துண்டுச் சீட்டு ஃபைலின் பகுதி ஆகாது என்பதால் குறிப்பின்மேல் நான் குத்தியிருந்ததைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தேன். அதனால் நானும் அந்த அறையில் இருந்தேன். ஓவர்சியருக்குப் படிக்கக் கொடுத்தவை அவர் எழுதிய குறிப்புகள் மட்டும்தான். பட்டியல் அவர் எழுதியதல்ல என்பதால் அவருக்குக் காட்டத் தேவையில்லை. நோட்டீஸ் அனுப்புவது உரிமப் பிரிவின் வேலை, தாம் இரண்டு முறை கேட்டதாக அவர் சொன்னார். எழுத்துமூலம் கேட்டீர்களா என்றார் அதிகாரி. இல்லை என்றார்.

மூன்றாம் நாள், போகிற போக்கில் கேட்பதுபோல, மறு ஆய்வுக்கு அவரோடு யாராவது போனார்களா என்று அதிகாரி கேட்டார். உரிமப் பிரிவுக் குமாஸ்தா வந்தார் என்று பதில் வந்தது. என் கையில் இருந்த ஃபைலின் நாடாவை நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“கதவு திறக்கவில்லை என்பதை அவரும் பார்த்தாரா?”

ஓவர்சியர் பதில் சொல்ல நேரமெடுத்துக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கத் தயங்குகிறார் என்று அதிகாரி நினைத்திருக்கலாம். எனக்கு அவரைத் தெரியும். அவர் ஞாபகத்தில் அந்த இடத்துக்கே திரும்பிப் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு எனக்குப் பின்னால நின்னாருங்க. அவரு கண்ணு எங்க இருந்துச்சுன்னு நான் பாக்கல.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். கையிலிருந்த காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன், கதவுப் பக்கம் கவனிக்கவில்லை என்றேன். அதை எழுதிக்கொண்டார். நடந்ததில் தாம் பார்க்காத எதையும் சொல்லமாட்டேன் என்கிற ஒரு மனிதர் எனக்குச் சாட்சியாகக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். வேறு யாராக இருந்தாலும், இரண்டடி தள்ளி நின்றவன் பார்க்காமலா இருந்திருப்பான் என்று சொல்லியிருப்பார்கள். உண்மையும் அதுதான்.

அவருக்கு வேலை போயிற்று. ஓய்வூதியம் இல்லை. மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி. கொத்தனார்களுக்கு அளவு எடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். அடுத்த வருஷம் எனக்கு ஹெட்கிளார்க் பதவி உயர்வு வந்தது. விசாரணையில் பிழையில்லாமல் இருந்த பட்டியலை அதிகாரி தம் அறிக்கையில் குறிப்பிட்டிருந்தாராம்.

பிறகு ஒரு தடவைதான் அவரைப் பார்த்தேன். ஒருநாள் காலை, அலுவலகம் திறந்து ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஒரு தாளை நீட்டினார்.

சூளகிரிக் கிடங்கை மறுபடி கட்டிவிட்டார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றார். பின்கதவு இப்போது இரண்டு ஆள் அகலம். வெளியே ஒரு சிப்பம் இல்லை. பெண்களை எழுந்து வெளியே போகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் போனார்களாம்.

“உங்கள யாரு உள்ள விட்டாங்க?”

“நான் வேலைல இல்லன்னு புது மேஸ்திரிக்குத் தெரியாது. நானும் சொல்லல. அது தப்புதான், அதயும் எழுதியிருக்கறேன்.” தாளில் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். “நான் போட்ட எண்ணு. முடியாமலே நிக்குது. நிவர்த்தின்னு பதிஞ்சுக்குங்க.”

என்ன சொல்வதென்று தெரியாதபோது பதிவேட்டைத் திறப்பது என் பழக்கம். திறந்தேன். சூளகிரி, புளிக் கிடங்கு, குறை எண் ஒன்று. நான் கையால் மறைப்பதற்குள் அவர் குனிந்து பார்த்துவிட்டார். நான்காவது கலத்தில் ‘ஆம்’ இருந்தது. பக்கத்தில் தேதியும் என் சுருக்கொப்பமும். மழை பெய்ததற்கு ஐந்து வாரம் முந்திய தேதி.

தேதியை விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

“பாத்துட்டு எழுதினிங்களா, பாக்காம எழுதினிங்களா?”

பார்த்துவிட்டு என்றால் விசாரணையில் சொன்னது பொய். பார்க்காமல் என்றால் எழுதியது பொய். அவர் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரியவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“முறைப்படி எழுதினேன்” என்றேன்.

தாளை இன்னும் நீட்டிக்கொண்டே நின்றார். பணியில் இல்லாத ஒருவர் செய்த ஆய்வை அலுவலகம் ஏற்க விதியில்லை என்று விளக்கினேன். ஏற்றுக்கொண்டாலும் எழுத இடமில்லை. ஒருமுறை நிவர்த்தி ஆன குறையை இன்னொருமுறை நிவர்த்தி செய்ய முடியாது. இதைச் சொல்லும்போது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“அப்ப சரிங்க” என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பதிவேட்டை நான் ஓய்வு பெறும்போது முறைப்படி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அதில் திருத்தம் எதுவும் இல்லை. பதிவேட்டின்படி அந்தக் கதவு, மாதம்மா உயிரோடு இருந்தபோதே திறந்துவிட்டது.